உதிரப்பட்டி

எங்கள் அபிஷேகப்பாக்கத்தில் உதிரப்பட்டி என்றால் ஓர் அரைக் காணி நெல் வயல். அதன் மூலையில் கத்தியை ஓங்கிய ஆளைச் செதுக்கிய ஒரு கல், அடியில் யாருக்கும் படிக்க வராத பழைய எழுத்து. பேருக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் எவனுக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டான். நடவுக்கு முன் அந்தக் கல்லில் சேவல் ரத்தம் விழவேண்டும், அதனால்தான் இந்தப் பேர் என்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அதையே நம்பினேன்.

வயல் இரண்டு பங்காளிகளுக்குப் பொது. ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் நவநீதன் பயிர் வைப்பார், மறுவருஷம் அவருடைய சித்தப்பா மகன் தமிழ்க்குமரன். யார் சேவல் அறுக்கிறார்களோ அவர்களுக்கு அந்த வருஷம். போன வருஷம் தமிழ்க்குமரன் அறுத்தான், நட்டான். புயல் வந்து பயிர் மொத்தமும் தண்ணீரில் அழுகிப்போயிற்று. அதனால் இந்த வருஷமும் தனக்கே என்றான். சேவல் அறுத்தாயிற்று, முறை முடிந்தது என்றோம் நாங்கள். நாங்கள் என்ன, நான்தான். அவர் விட்டுக்கொடுக்கத்தான் பார்த்தார். வாயில்லாத ஆம்பளைக்கு வாக்கப்பட்டுவிட்டேன் என்று மூன்று நாள் இடித்துக் காட்டியது இந்த வாய்.

நாலாம் நாள் விடியற்காலையில் சேவலைப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். கத்தி மொண்ணையாக இருந்தது. பின்வாசல் கல்லில் நானே தீட்டினேன். எங்கள் வீட்டுக்கும் தமிழ்க்குமரன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

அவர் பின்னாலேயே நானும் போனேன். தமிழ்க்குமரன் ஏற்கெனவே கல்லருகே சேவலோடு நின்றிருந்தான்.

"அண்ணே, இந்த ஒரு தபா எனக்கு வுட்டுக் குடு."

"உன் முற முடிஞ்சிபோச்சிடா."

அவன் தன் சேவலைக் கல்லின்மேல் அழுத்தினான். இவர் தட்டிவிட்டார். அவன் இவர் சட்டையைப் பிடித்துச் சேற்றில் தள்ளினான். நான் கத்தினேன், நிறுத்தச் சொல்லி அல்ல.

"இன்னா பாத்துக்கினு இருக்கற, குடு அவனுக்கு."

எழுந்தவர் கத்தியை வீசினார். முதல் வெட்டு தோளில், இரண்டாவது கழுத்தில். தமிழ்க்குமரன் கல்லைக் கட்டிக்கொண்டு சரிந்தான். ரத்தம் கல்லில் கொப்பளித்து வழிந்தது. கால்கள் சேற்றை உதைத்துக்கொண்டே இருந்தன, பிறகு நின்றுவிட்டன. அறுபடாத இரண்டு சேவல்களும் வரப்பில் மேய்ந்துகொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போன மூன்றாம் மாதம், கல்லெழுத்து படிக்க வில்லியனூரிலிருந்து அம்சவள்ளி டீச்சர் வந்தார். கல்லைக் கழுவத் தண்ணீர் ஊற்றியது நான். எழுத்துக்குள் கறுத்துக் கிடந்ததை அவர் பிரஷ்ஷால் தேய்த்தார். எதைத் தேய்க்கிறார் என்று நான் சொல்லவில்லை.

"உதிரம்னா ரத்தம்மா. ஊரு மாட்ட ஓட்டினு போக வந்தவங்களோட சண்ட போட்டு ஒருத்தர் செத்திருக்காரு. அவரு குடும்பம் பொழைக்க ஊரு வுட்ட நெலம் இது. சேவலெல்லாம் பின்னால வந்ததா இருக்கும்."

ரத்தம் சிந்தியவன் வீட்டுக்குக் கொடுத்த நிலத்தை, ரத்தம் கேட்கிற நிலமாக்கி வைத்திருக்கிறோம். ஓர் ஆளைத் தின்ற பிறகா இந்த அர்த்தம் தெரியவேண்டும்? அன்றே முடிவு செய்தேன், எங்கள் பங்கைத் தமிழ்க்குமரன் பெண்டாட்டி ஹேமலதாவுக்கு விட்டுவிடுவது என்று. அவரும் ஜெயிலில் தலையாட்டினார். அவள் வாங்கிக்கொண்டால் நான் கொஞ்சம் தூங்குவேன் என்று நினைத்தேன்.

பத்திரத்துக்கு விவரம் எழுதிய தாளோடு அவள் வீட்டுக்குப் போனேன். டீச்சர் சொன்னதைச் சொன்னேன். ஹேமலதா தாளை நிதானமாகப் படித்தாள்.

"ஊருக்காவ செத்தவனுக்கு ஊரு குடுத்தா அது உதிரப்பட்டி. வெட்டுன வூட்லேர்ந்து குடுத்தா அதுக்கு இன்னாக்கா பேரு?"

தாளை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"நெலத்த வாங்கிக்கிறேன். எனக்கும் புள்ளைங்க இருக்குது. இந்தப் பேர அடிச்சிட்டு வேற எழுது. தமிழ்க்குமரன வெட்டுன நெலம்னு எழுது."

அடித்துவிட்டு எழுதினேன்.

"வெட்டுனது யாருன்னும் எழுது."

எழுதினேன். நவநீதன் என்ற ஐந்தெழுத்தையும் போட்டேன். பேனாவை மூடப் போனேன்.

ஹேமலதா நடுச்சுவரைக் காட்டினாள். "அன்னிக்கி வெடியக்கால கத்தி தீட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சி. தீட்டுனது யாருன்னும் எழுதுக்கா."

செல்வகுமாரி என்று என் பேரை எழுதினேன்.