நாற்பத்திரண்டாவது அம்பு

காலை பத்தரை மணிக்குள் முனீஸ்வரி நாற்பத்தோரு சர்க்யூட் போர்டுகளில் சிவப்பு அம்பு ஒட்டிவிட்டாள். எங்கள் கம்பெனியில் எந்த உதிரி தப்பாக உட்கார்ந்திருக்கிறதோ அதை நோக்கி ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, போர்டைச் சிவப்புத் தட்டில் வைக்க வேண்டும். நாளுக்கு ஐந்தாறு அம்பு என்றாலே அதிகம். நாற்பத்தொன்று என்றால் அது போர்.

திருமங்கலத்துக்கு வெளியே நான்குவழிச் சாலையோரம் கம்பெனி. தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டருக்கான சர்க்யூட் போர்டு, புது மாடல், அன்றுதான் ஓட ஆரம்பித்திருந்தது. மேசை நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிப் போர்டு. அதைப் பார்த்துத்தான் பெண்கள் உதிரிகளைச் செருகுவார்கள். அதைப் பார்த்துத்தான் சரிபார்ப்பார்கள். அதைச் செய்து, ஓரத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். பாண்டிராஜ், பதினான்கு வருஷ அனுபவம், பட்டப்பெயர் ‘பருந்து’. பெயர் வைத்தது யார் என்று கேட்டால், கொஞ்சம் கூச்சத்தோடு, நான்தான்.

சரிபார்க்கும் மேசையில் இருக்கும் முனீஸ்வரிக்கு வாடிப்பட்டி. விடியலில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவாள். ஆறு மாதத் தற்காலிக வேலை அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்பதை மேனேஜர் இன்பசேகரன் சார் எழுத வேண்டும். அவர் சிவப்புத் தட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்னம்மா, விசேஷ வீட்டுல குங்குமம் வைக்கிற மாதிரி அம்புட்டுக்கும் வச்சிருக்க?”

“தப்பா இருக்கு சார்.”

“சரிபாக்குற கேமரா மெஷினே ஓகேங்குது. மாதிரி மாதிரியே இருக்கு. ஒனக்கு மட்டும் தப்பாக்கும்?”

“ஆமா சார்.”

அந்தக் குரலில் மன்னிப்பு மருந்துக்கும் இல்லை. சார் என் பக்கம் திரும்பினார். “பாண்டி, நீயே பாத்துச் சொல்லு. அத வச்சு சாயந்தரம் எழுதிக்கிறேன்.” டீ குடிக்கப் போனார்.

முனீஸ்வரி ஒரு போர்டை என் முன் வைத்தாள். “மாதிரியப் பாக்காதீக அண்ணே. போர்டுல அச்சடிச்சிருக்கதப் பாருங்க. பிளஸ் போட்ட பக்கம் வெள்ளப் பட்டை வந்திருக்கு.”

கறுப்பு டப்பா போல நிற்கும் கெப்பாசிட்டரில் வெள்ளைப் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ். திரும்பிவிட்டால், கரண்டு கொடுத்ததும் உப்பி வெடிக்கும். அவள் காட்டிய இடத்தில் பிளஸ் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஓர் எறும்பு தெரிந்தது.

திருநகரில் நான்கு மாதத்துக்கு முன் வாங்கிய மூக்குக்கண்ணாடி என் சாப்பாட்டுப் பையில் ஊறுகாய் டப்பாவோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட பருந்தை யார் மதிப்பார்கள்? போய் எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு வந்தேன். எறும்பு பிளஸ் ஆனது. நாற்பத்தொன்றிலும் ஆனது. கடைசியாகப் பெட்டிக்குள் பார்த்தேன். மாதிரியிலும் டப்பா திரும்பித்தான் நின்றது. மெஷினுக்கு அந்த மாதிரியைக் காட்டித்தான் பாடம் எடுத்திருந்தேன். பாவம், அதுவும் என்னை நம்பியிருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் மாதிரியில் இருக்கும் டப்பாவை மட்டும் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டால், பழி செருகிய பிள்ளைகள் மேல் போய்விடும். அரை நிமிஷம் யோசித்தேன். சரி, ஒரு நிமிஷம்.

“காலையிலயே சொல்லியிருக்கலாம்ல தாயி?”

“எட்டு மணிக்கே சொன்னேன்ணே. ‘மாதிரியப் பாத்து வேலையப் பாரு தாயி’ன்னுட்டுப் போயிட்டீக.”

சொல்லியிருப்பேன். அது என் வாக்கியம்தான்.

சாவியால் பெட்டியைத் திறந்தேன். செருகிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. “முனீஸ்வரி, ஒரு அம்பு குடு.”

டீ டம்ளரோடு வந்த சார் பதறினார். “யோவ், அது மாதிரிய்யா!”

“ஆமா சார். நாப்பத்திரெண்டு.” அழுத்தி ஒட்டினேன். “மாதிரியிலயே டப்பாவ நாந்தான் திருப்பி வச்சிருக்கேன். இந்தப் புள்ள இல்லைன்னா சாயந்தரத்துக்குள்ள நூத்தம்பது போயிருக்கும். இதையும் சேத்து எழுதிக்கங்க.”

சார் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முனீஸ்வரி மாதிரிப் போர்டின் மேல் குனிந்தாள்.

“அண்ணே, அம்பு பக்கத்து உதிரியக் காட்டுது.”

நக நுனியால் ஸ்டிக்கரை மெல்ல உரித்து, ஒரு மயிரிழை நகர்த்தி, டப்பாவின் வெள்ளைப் பட்டைக்கு நேராக வைத்துத் தேய்த்தாள். அம்பின் வால் என் கையெழுத்தின் மேல் கிடந்தது.