பதில் சொல்லாத மருமகள்கள்

ஆராய்ச்சி மாணவன் திலெக் வந்தது மருமகளிடம் கேள்வி கேட்க; பதில் சொல்ல உட்கார்ந்தது மாமனார். வீட்டில் யாருடைய பிறந்தநாள் கடைசியாக வந்ததோ அவரைத்தான் கேட்க வேண்டும் என்பது தேர்தல் ஆய்வின் விதி. போன வாரம் பிறந்தநாள் கண்ட மீரிம் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பெரியவர் ஷர்ஷென்பெக் ரொட்டியைப் பிய்த்து நீட்டியபடி அவளுடைய வயது, படிப்பு, அரசியல் ஞானம் எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்திருந்தார்.

"ஐயா, அவங்களத்தான் கேக்கணும்."

"யார் சொன்னா என்னப்பா? என் பேர்க்காரனுக்குத்தான் போட்டிருப்பா. ஊரே அவனுக்குத்தான்."

கிர்கிஸ்தானின் நாரின் மலைப்பக்கத்து இந்த ஊரில் இது பன்னிரண்டாவது வீடு. பதினோரு வீட்டிலும் மருமகள்கள்தான் சிக்கினார்கள். யாருக்கு ஓட்டு என்றதும் பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் காலியாக வந்தால் ஊரையே ஆய்விலிருந்து தூக்கிவிடுவதாகப் பேராசிரியர் காலையில்தான் போனில் கத்தியிருந்தார். தூக்கினால் திலெக்கின் மூன்று வருடப் படிப்பும் கூடவே போகும்.

ஒன்பதாவது வீட்டில் அவனுக்கு ஞானம் பிறந்திருந்தது. புகுந்த வீட்டு மூத்தவர் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. ஊரே ஒரே வம்சம், அதன் மூத்தவர் இந்த ஷர்ஷென்பெக், வேட்பாளரும் ஷர்ஷென்பெக். ஆக, மௌனம் என்றால் ஷர்ஷென்பெக்! பதினோரு கட்டத்தையும் அப்படியே நிரப்பிவிடலாம். உலகமே மேற்கோள் காட்டப்போகும் அடிக்குறிப்பு ஒன்றைக்கூட மனசுக்குள் எழுதிவிட்டான். ஒரே ஒருத்தி உறுதி செய்தால் போதும்.

பெரியவர் விருந்தாளிக்குப் புளித்த குதிரைப்பால் எடுக்க உள்ளே போனார். திலெக் வேட்பாளர் பட்டியல் அட்டையோடு அடுப்படிக்கு ஓடினான்.

"பேர் சொல்ல வேண்டாம்மா. வெரல வெச்சாப் போதும்."

மாவு ஒட்டிய விரல் முதல் பெயரான ஷர்ஷென்பெக்கைத் தொடாமல் தாண்டியது. நான்காவது பெயரில் அழுந்தியது.

"இவங்களா? அப்ப மத்த வீட்டுல..."

"எல்லாரும் யாருக்குன்னு எனக்கெப்படி அண்ணே தெரியும்?" என்றாள், மெதுவாக. "வாயத் தொறக்கலைன்னா அவர் பேருன்னு நெனச்சுக்கறாங்க. நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டோம். நீங்களுமா?"

அவன் காது சூடானது.

"என்ன, என் பேர்தானே?" பெரியவர் ததும்பும் கிண்ணத்தோடு அடுப்படி வாசலில் நின்றார். மறு கை அட்டைக்காக நீண்டது. "குடு, பாப்போம்."

திலெக் திரும்பி வந்து அட்டையை விரிப்பின் மேல் போட்டு, கிண்ணத்தை வாங்கி அதன் மேலேயே வைத்தான்.

"அடப்பாவி, காயிதம் நனையுதே!"

"நனையட்டும் ஐயா. எங்கிட்ட இன்னும் நெறைய அட்டை இருக்கு."

"படிச்சவன்னு உன்னை அனுப்பினாங்க பாரு. சரி, அந்தக் கட்டத்துல என் பேர எழுது." பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்தார். "எழுதுப்பா, நான் பாக்கறேன்."

திலெக் படிவத்தை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தான். அடுப்படியில் மாவு பிசையும் சத்தம் நின்றுபோனது. கிண்ணத்தின் அடியிலிருந்து பால் மெல்லப் பரவி, நான்காவது பெயரின் மேலிருந்த வெள்ளை விரல்தடத்தைக் கரைக்கத் தொடங்கியிருந்தது.