நஜிமா பேசாமல் வந்துபோன நாட்கள்

மெனாஷே அண்ணனைப் புதைத்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்பிய பிறகுதான், ஏழு நாள் துக்கத்துக்கு எங்கே உட்காருவது என்ற கேள்வி எழுந்தது. எங்கள் வீடுகள் லெபனான் எல்லையை ஒட்டிய மலையில் ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்தன. சண்டை தொடங்கியதும் ராணுவம் ஊரையே காலி செய்து, திபேரியாவில் ஏரிக்கரை ஓட்டல் ஒன்றில் எங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தது. குடும்பத்துக்கு ஓர் அறை. மெனாஷே அண்ணன் மனைவி கார்மெலா அக்காவின் அறையில் கட்டில் போக நான்கு பேர் நிற்கக்கூட இடமில்லை.

ஊர்ச் சங்கச் செயலாளர் என்பதால் நான்தான் மேலாளரிடம் போய் நின்றேன். அவர் மூன்றாம் மாடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்தைத் திறந்துவிட்டார். யூதர்களான நாங்கள் துக்க வீட்டில் கண்ணாடியை மூடிவைப்போம். அந்தக் கூடத்திலோ ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதை மூடப் பதினொரு படுக்கை விரிப்புகள் பிடித்தன. துக்கக்காரர்கள் ஏழு நாள் தாழ்வாகத்தான் உட்கார வேண்டும். அதற்கு மட்டும் குறையில்லை. ஏறி இறங்கும் பயிற்சிப் பலகைகள் மூலையில் அடுக்கியிருந்தன. கார்மெலா அக்கா ஒன்றிலும், அவள் மகள் ஒஸ்னாத் ஒன்றிலும் உட்கார்ந்தார்கள்.

முட்டைக் கோழிதான் எங்கள் ஊரின் பிழைப்பு. மெனாஷே அண்ணன் வாரத்தில் மூன்று நாள் அனுமதிச் சீட்டோடு ஊருக்குப் போய்த் தீவனம் வைத்துவிட்டு வருவார். அவர் இறந்த அன்று காலை எல்லைக்கு அப்பால் எதிர்மலையிலிருந்து வந்த ஏவுகணை, அவர் நின்றிருந்த கோழிக் கொட்டகையில் விழுந்தது. யாருடைய கொட்டகை என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

முதல் நாள் மாலை நஜிமா வந்தாள். கூடம் சட்டென்று அடங்கிப்போனது.

கார்மெலாவும் நஜிமாவும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. நஜிமாவின் கொட்டகையில் கோழிச் சீக்கு வந்தபோது, சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று அவள் பார்த்தாள். கார்மெலா அக்கா கால்நடை மருத்துவருக்குத் தகவல் கொடுத்துவிட்டாள். மூவாயிரம் கோழிகளையும் கொன்று குழியில் போட்டார்கள். அந்த வாரமே ஜெபக்கூடத்தில், பெண்கள் பகுதியில், எல்லார் முன்னாலும் நஜிமா சொன்னாள்: "என் கொட்டகை மாதிரியே உன் வீடும் வெறிச்சோடிப் போகட்டும்." அதற்கு அப்புறம் ஒருத்தி வரும் தெருவில் இன்னொருத்தி நடக்க மாட்டாள்.

நஜிமா கதவருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர் தானாக வாயைத் திறக்கக் கூடாது. துக்கக்காரர் முதலில் பேசிய பிறகுதான் பேச வேண்டும். கார்மெலா அக்கா தரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து நஜிமா எழுந்து, வழக்கமான ஆறுதல் வாக்கியத்தை முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மின்சாரப் பொத்தான் தொடக் கூடாத ஓய்வுநாளன்று மின்தூக்கியை விட்டு மூன்று மாடியும் படியேறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மற்றவர்களிடம் கார்மெலா அக்கா நன்றாகத்தான் பேசினாள். மெனாஷே அண்ணன் ஒருமுறை கழுதையைப் பேருந்தில் ஏற்றப் பார்த்த கதையைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். நஜிமா நுழைந்தால் போதும், வாய் மூடிக்கொள்ளும்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் நஜிமா எங்கள் ஊர் மதகுரு ரப்பி ஸெக்கார்யாவைப் பிடித்தாள். நான் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தேன்.

"ரப்பி, அவதான் எல்லார்கிட்டயும் பேசுறாளே. அப்ப நான் வாயத் திறக்கலாம்தானே?"

"சட்டப்படி திறக்கலாம். அவ ஏற்கெனவே பேசிட்டா."

"அப்ப பேசிடவா?"

"நீ சட்டம் தெரியாமயா என்கிட்ட வந்த?" என்றார் ரப்பி. "அவ உன்கிட்டப் பேசணும்னுதான் நீ காத்திருக்க. அதுக்கு நான் என்ன தீர்ப்பு சொல்றது?"

"நல்லா வந்தேன் கேக்க!" என்று தட்டை டக்கென்று வைத்துவிட்டு நஜிமா போய்விட்டாள்.

ஆறாம் நாள் பிற்பகல். கூட்டம் குறைவு. ஒஸ்னாத் தலைவலி என்று படுக்கப் போயிருந்தாள். கார்மெலா அக்கா, நான், கதவருகே நஜிமா. வெளியே ஏரிக்கு மேல் விமானம் போகும் இரைச்சல். அது அடங்கியதும் கார்மெலா அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள்:

"எதுக்கு தினமும் வந்து உக்காந்திருக்க?"

நஜிமா எழுந்துவிட்டாள். ஆறு நாளாக அடக்கி வைத்தது ஒரே மூச்சில் வந்தது. "அவர் செத்தது உன் கொட்டகையில இல்ல. என் கொட்டகையில. என் மகன் காதியை ராணுவத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க, கோழிக்குத் தீனி வைக்க ஆளில்ல. மெனாஷே தானா வந்து சாவி கேட்டாரு. கார்மெலாகிட்ட சொல்லாதன்னாரு. நாலு மாசமா அவர்தான் பாத்துக்கிட்டாரு. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். அன்னிக்கு ஜெபக்கூடத்துல நான் சொன்னது... என் நாக்கு..."

கார்மெலா அக்கா எழுந்து கத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"தெரியும்" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம்தான். ஊருக்கே தெரிஞ்ச உன் சிவப்பு ரிப்பனக் கட்டிச் சாவி குடுத்தா, பொண்டாட்டிக்குத் தெரியாதா? முதல் வாரமே பாத்துட்டேன். எட்டு மணிக்குத் திரும்பறவர் பத்து மணிக்கு வருவாரு. கேட்டா, ரோட்டுல சோதனைம்பாரு. பொய் சொல்லவும் தெரியாது அந்த மனுஷனுக்கு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"அதத்தான் ஆறு நாளா நானும் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன். போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பாரு. சொல்லல. ஒருத்தனோட பகையாளி கழுதை சுமையோட விழுந்து கெடந்தா, முதல்ல அதுக்குத்தான் கை குடுக்கணும்னு எங்கப்பா வேதத்துலேருந்து படிச்சுக் காட்டுவாரு. சரி, இவர் குடுக்கட்டும், நான் குடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். நோகாம புண்ணியம் சேர்த்தேன், பாரு."

நஜிமா நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தாள்.

"முதல் நாளே பேசியிருப்பேன்" என்றாள் கார்மெலா அக்கா. "பேசினா நீ மன்னிப்புக் கேப்ப. கேட்டா நான் குடுக்கணும். எனக்குக் குடுக்க மனசு வரல. கொஞ்ச நாள் உன் மேல கோவமா இருந்துக்கறேனேன்னு இருந்தேன். கோவம் இருக்கறப்ப அழுகை அவ்வளவா வரல."

"இப்ப கேக்கவா?"

"வேணாம். இன்னிக்கு வேணாம்." பிறகு, "மிச்சக் கோழி உயிரோட இருக்கா?" என்றாள்.

"தெரியல. ராணுவம் யாரையும் உள்ள விடல."

"அப்ப எத்தனை நாளாத் தண்ணியில்லாம கெடக்கு?" என்று கார்மெலா அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன செயலாளர்? உக்காந்து கேட்டுக்கிட்டு?"

மறுநாள், ஏழாம் நாள் காலை, ரப்பி வந்து கார்மெலா அக்காவைத் துக்கத்திலிருந்து எழுப்பினார். எழுந்தவர்கள் கொஞ்ச தூரம் வெளியே நடந்துவர வேண்டும். ஒஸ்னாத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தாள். நஜிமா இருபது அடி பின்னால் வந்தாள். கார்மெலா அக்கா அவளைக் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

இரண்டு வாரம் அலைந்து அனுமதி வாங்கினேன். சீட்டில் தன் பெயரோடு நஜிமாவின் பெயரையும் போட வேண்டும் என்று கார்மெலா அக்கா சொல்லியிருந்தாள். என் வண்டியில்தான் போனோம். சோதனைச் சாவடியில் இருந்த சிப்பாய் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சொந்தக்காரங்களா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றாள் கார்மெலா அக்கா. "இவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது."

நஜிமா முதன்முறையாகச் சிரித்தாள். சிப்பாய்க்கு ஒன்றும் புரியவில்லை, கையசைத்து விட்டுவிட்டான்.

நஜிமாவின் கொட்டகையில் பாதிக் கூரை போயிருந்தது. வெடிப்பின் அதிர்வில் கார்மெலாவின் கொட்டகைக் கதவும் திறந்துகொண்டிருந்தது. இரண்டிலிருந்தும் சிதறி வெளியேறிய கோழிகள் ஆப்பிள் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. நரி தின்றது போக இருநூறு இருக்கும். எதிர்மலையின் வீடுகளிலும் புகை இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. மெனாஷே அண்ணன் விழுந்த இடத்தில் கார்மெலா அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். நஜிமா அருகில் போகாமல் கோழிகளைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததையெல்லாம் கார்மெலாவின் கொட்டகையில் அடைத்தார்கள். எந்தக் கோழி யாருடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யும்போது இருவரும் சத்தமாகச் சண்டை போட்டார்கள். குழாயில் தண்ணீர் வரும்வரை அது ஓயவில்லை.