மூன்றாம் மாடிப் பூட்டு

ஜாக்கிரதை சாருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று குடியிருப்பில் எவருக்கும் ஞாபகமில்லை. வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அவ்வளவு பொருத்தம். "படி ஈரமா இருக்கு, ஜாக்கிரதை." "கேஸ் குழாயை மாத்தி எத்தனை நாளாச்சு? ஜாக்கிரதை." எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் வராது, செருப்பு வார் அறுந்து தொங்குவதைப் பற்றிய எச்சரிக்கைதான் வரும். பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அவர். எங்கே தீப்பிடிக்கும், எவன் வழுக்கி விழுவான் என்று நாள் முழுக்க யோசிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர், வீட்டுக்கு வந்ததும் அந்த யோசனையைச் சட்டையோடு கழற்றி மாட்டிவிட முடியுமா?

முன்பெல்லாம் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன மழைக்காலத்தில் பக்கத்துத் தெருக் கட்டடம் ஒன்றில் மின்மீட்டர் பெட்டி எரிந்து, படிக்கட்டு முழுக்கப் புகை அடைத்துக்கொண்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் ஜன்னல் வழியே ஏணி வைத்து ஆட்களை இறக்கியதைப் பார்த்த யாரும் அன்று இரவு தூங்கவில்லை. அடுத்த நாளே ஜாக்கிரதை சாரைத் தேடி வந்தார்கள். மனிதர் காத்துக்கொண்டிருந்த மாதிரி கிளம்பிவிட்டார். வீடு வீடாகப் போனார். வாசலருகே ஒரு பை, அதில் மருந்து, டார்ச், குடிநீர், முக்கியமான காகிதங்கள். வீட்டுக்கு ஒரு விசில். எந்த மாடிக்காரர் எந்தப் படி வழியாக இறங்குவது என்று சுவரில் அம்புக்குறி. கடைசியாக மொட்டைமாடியில் ஒரு சைரன். அதை முதல்முறை அடித்துப் பார்த்தபோது தெருக்கோடியிலிருந்த பெட்டிக்கடைக்காரர் கல்லாவைப் பூட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

இந்தக் கெடுபிடியில் ஒரே ஒருத்தியோடுதான் சண்டை வந்தது. எதிர்வீட்டில் குடியிருக்கும், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற பெண். நடைபாதையில் அவள் போட்டிருந்த செருப்பு அலமாரியைத் தாமே தூக்கிக்கொண்டு போய்க் கீழே வைத்துவிட்டார் சார்.

"ஏன் சார், என் செருப்பு ஓடி வந்து உங்க காலைக் கடிச்சுதா?"

"புகையில ஓடுறவன் அதுல தடுக்கி விழுவான்மா. வழிங்கிறது வழியா இருக்கணும்."

"வழியைச் சொல்றீங்க சரி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்திருக்கலாம்ல?"

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. இருவரும் ஒரே படியில் ஏறி இறங்கும்போதும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

எல்லாம் தயாரானதும் ஒத்திகை வைத்தார் சார். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் எல்லோரும் வீட்டிலிருப்பார்கள், அது ஒரு ஒத்திகையா? ஆபத்து என்ன விடுமுறை பார்த்தா வரும்? வேலைநாளின் காலைப்பொழுதுதான் சரி என்று அடித்துச் சொல்லி, தாமும் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். காலையில் கைபேசி, ஒலிபெருக்கி, மஞ்சள் சட்டை சகிதம் கீழே இறங்கினார். மொட்டைமாடிச் சைரனுக்கு முற்றத்திலேயே ஒரு பொத்தான் பொருத்தியிருந்தார். அதை அழுத்தினார்.

ஆகா, என்ன ஓட்டம்! குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு வந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி பூனையையும் தூக்கி வந்தாள். வேன்காரி காலைச் சவாரி முடித்து வந்து படுத்தவள், தூக்கக் கலக்கத்தோடு இறங்கினாள். சாருக்கு உச்சி குளிர்ந்துபோனது. சைரனை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் மாடி மாடியாகக் கேட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் கையைத் தூக்க வேண்டும். முதல் மாடியில் எல்லாக் கையும் உயர்ந்தது. இரண்டாம் மாடியிலும் அப்படியே. மூன்றாம் மாடியில் வேன்காரி கையைத் தூக்கினாள். அவளுக்கு எதிரே இருந்த தம் வீட்டுக்குச் சார் தம் கையையே தூக்கிக்கொண்டு, "எல்லாரும் வந்தாச்சு!" என்று அறிவித்தார். கைதட்டல்கூட எழுந்தது.

கைதட்டாமல் நின்றவள் வேன்காரி மட்டும்தான். சண்டைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு, "அக்கா எங்க சார்?" என்றாள்.

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்கா."

சாருடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. தினமும் செய்கிற மாதிரியே, வெளிக் கம்பிக்கதவை இழுத்துப் பூட்டைப் போட்டுவிட்டு இறங்கி வந்திருந்தார். பூட்டியது அவருக்கே தெரியாது. கைக்குத் தெரிந்திருக்கிறது.

முகத்தில் ஈயாடவில்லை. ஒலிபெருக்கியைக் கீழே போட்டுவிட்டுப் படிகளில் ஏறினார். புகையில்லை, நெருப்பில்லை, வெறும் ஒத்திகைதான். இருந்தாலும் இது நிஜமாக இருந்திருந்தால் என்ற நினைப்பு ஒவ்வொரு படியிலும் கூடவே ஏறியது. தினம் தினம் இப்படித்தானே பூட்டிவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறோம்? இரண்டு சாவியில் ஒன்று சட்டைப்பையில். இன்னொன்றைத் தொலைந்துபோகாமல் இருக்க, பாதுகாப்பாக, தொழிற்சாலை மேசை இழுப்பறையில் அல்லவா வைத்திருக்கிறோம்? அட மடையா!

பூட்டச் சொன்னதே மனைவிதான், அது உண்மை. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த புதிதில், குடிநீர் மீட்டர் பார்க்க வந்தவன் போல ஒருவன் உள்ளே நுழைந்து, கட்டிலில் கிடந்தவள் கண்ணெதிரே அலமாரியைத் திறந்து அள்ளிக்கொண்டு போனான். அவளால் எழுந்திருக்கவும் முடியவில்லை. அன்று சாயந்திரம் நடுங்கிக்கொண்டே, "இனிமே வெளியில பூட்டிட்டுப் போங்க" என்றாள். பூட்டினார். பிறகு அவள் எழுந்து உட்கார்ந்தாள். நாலுகால் நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கப் பழகினாள். அச்சகத்துக்குப் பாடப்புத்தகங்களில் பிழை திருத்தும் வேலையைக்கூட வீட்டிலிருந்தே மறுபடி தொடங்கிவிட்டாள். பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாம் மாடியில் கம்பிக்கதவுக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு. தோளில் அவர் தைத்துக் கொடுத்த அவசரப் பை. கழுத்தில் விசில். நடைச்சட்டத்தைப் பிடித்த கை வெளுத்திருந்தது.

"சைரன் அடிச்சதுமே கிளம்பிட்டேன்" என்றாள். "இங்க வந்து நின்னு விசில் ஊதினேன். உங்க சைரன் சத்தத்துல அது எனக்கே கேக்கல."

சார் சாவியைப் பூட்டுக்குக் கொண்டுபோனார்.

"திறக்காதீங்க."

"என்னம்மா சொல்ற?"

"நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு எதுக்குங்க ஒத்திகை? நீங்க இல்லாத நேரத்துக்குத்தானே இதெல்லாம்? எதிர்வீட்டுப் பொண்ணுகிட்ட சாவியைக் குடுங்க. அவ வந்து திறக்கட்டும். மறுபடியும் சைரன் அடிங்க, முதல்லருந்து."

"அவகிட்டயா?"

"அவளேதான். மத்தியானம் வேன் சவாரிக்கு நடுவுல தினமும் வந்து, இந்தக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உக்காந்து என்கூட டீ குடிச்சிட்டுப் போறா. நான் உள்ள, அவ வெளிய. ஜெயில்ல இருக்கிறவளை மனு போட்டுப் பாக்க வர்ற மாதிரி." சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. "உங்க மேல கோவமில்லைங்க. எனக்காகத்தான் பூட்டினீங்க. ஆனா தினமும் நீங்க படியிறங்குற சத்தம் கேக்குறப்ப எனக்குப் பயமா இருக்கும். இத்தனை நாளும் சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அதுக்கும் ஒரு பூட்டு வாங்கிட்டு வருவீங்க."

அவர் கீழே இறங்கினார். ஏறியதைவிட இறங்குவது கஷ்டமாக இருந்தது. முற்றத்தில் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானம் கப்பலேறிய பிறகு மிச்சம் என்ன இருக்கிறது? நேராக வேன்காரியிடம் போய்ச் சாவியை நீட்டினார்.

"ஏம்மா, கொஞ்சம் போய் எங்க வீட்டைத் திறந்து, அவளைக் கூட்டிட்டு வர்றியா? சாவி உன்கிட்டயே இருக்கட்டும். அன்னைக்கு அலமாரியைச் சொல்லாம எடுத்தது தப்புதான்."

கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தார். செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தலையாட்டிவிட்டுப் படியேறினாள். சைரன் மறுபடி அலறியது. இந்த முறை யாரும் ஓடவில்லை. எல்லோரும் படிவாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரொம்ப நேரம் ஆனது. முதல் மாடிக்காரர் ஒருவர் தாங்கமுடியாமல் உள்ளே போய் நடைச்சட்டத்தை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தார். பின்னாலேயே, வேன்காரியின் தோளில் ஒரு கையும் கைப்பிடியில் ஒரு கையுமாக, படிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கி, அவள் வந்து சேர்ந்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தவிர அவள் முற்றத்துக்கு வந்ததே இல்லை.

"அப்ப என் அலமாரியை மேல கொண்டுவந்துரலாமா அக்கா?" என்றாள் வேன்காரி.

"அது மட்டும் கூடாது" என்றாள் அவள். "அதுல அவர் சொல்றதுதான் சரி."

மறுநாள் காலையில், வெளியிலிருந்து கம்பிக்குள் கையை விட்டும் திறக்கிற மாதிரி, பூட்டைத் தானே உட்பக்கமாகப் போட்டுக்கொள்ள அவள் பழகினாள்; தன் கைக்குச் சாவி வரும்வரை தாழ்ப்பாள் மட்டும் போதும் என்றாள். சாயந்திரம் தொழிற்சாலை இழுப்பறையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து வந்து கொடுப்பதாகச் சொல்லிவிட்டு, சார் காலிச் சட்டைப்பையோடு இறங்கினார். பேருந்தில் நாலைந்து தரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இல்லை. பிறகு எதிர்வீட்டு ஆணியில் சாவி தொங்குவதை நினைத்துக்கொண்டார்.

அந்த வாரமே வெளியிலிருந்து பூட்டும் வழக்கம் போய்விட்டது. இப்போது இரண்டு சாவியில் ஒன்று மனைவியிடம், இன்னொன்று வேன்காரியிடம். சாரிடம் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து வந்தவர் முதன்முறையாகத் தம் வீட்டு மணியைத் தாமே அழுத்திவிட்டு நின்றார். உள்ளே நாற்காலி நகர்ந்தது. நடைச்சட்டம் தரையைத் தட்டித் தட்டி வருகிற சத்தம் கேட்டது. இத்தனை காலம் அவரே திறந்துகொண்டு நுழைந்ததால், அவள் அவருக்காக நடந்து வரும் சத்தத்தை அவர் கேட்டதே கிடையாது.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து.

"நான்தான்."

"நான்தான்னா? மீட்டர் பாக்க வந்தவனும் அப்படித்தான் சொன்னான். கொஞ்சம் இருங்க, திறக்கலாமான்னு யோசிச்சுச் சொல்றேன்."

எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் வேன்காரி சிரிப்பது கேட்டது. ஜாக்கிரதை சார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மெதுவா வாம்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."