எந்தப் படத்தைக் கொடுப்பது

மக்ரோனி ட்ரேயை மார்போடு அணைத்துக்கொண்டு ஷரீஸ் வீட்டுப் படியேறுவதற்குள் ஏர்லினுக்கு மூச்சு வாங்கியது. நார்த்சைடில் போலீஸ் ஒரு கறுப்புப் பிள்ளையைச் சுட்டுவிட்டால் மறுநாளே அந்த வீட்டுக்கு அவள் ட்ரே போய்விடும். தன் மகன் மார்லன் அப்படிப் போன பிறகு தலையில் விழுந்த வேலை இது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் இறக்கிவைக்கவும் இல்லை. வாசலில் ஊர்வலத்துக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்த இளசுகள் மரியாதையாக வழிவிட்டார்கள். அவர்கள் சட்டையிலெல்லாம் மார்லன் முகம். பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் முடியுமா?

சமையலறையில் ஷரீஸ், முதியோர் இல்லச் சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். எல்லா வீட்டிலும் சொல்வதையே ஏர்லின் அங்கும் சொன்னாள்.

"சாப்பிட்டியா தூங்குனியான்னு கேக்கமாட்டேன். முதல்ல படத்தை எடு. சாயங்காலச் செய்திக்குள்ள நீ ஒண்ணு குடுக்கலேன்னா, போலீஸ் தன்கிட்ட இருக்கறதைக் குடுத்துரும். அப்புறம் காலத்துக்கும் அதான் உன் புள்ள மூஞ்சி."

ஷரீஸ் போனைத் தள்ளினாள். இதே சமையலறையில் அவள் மகன் கீனன். சட்டையில்லை, தலையில் துணிக்கட்டு, வாயோரம் கோழி எலும்பு, கண் இடுங்கிப்போன சிரிப்பு.

"வேற வினையே வேணாம்," என்றான் ஷரீஸின் தம்பி டெல்ராய். "ரவுடிப்பயன்னு கதையை முடிச்சிருவானுங்க. சர்ச்சுல கோட்டு போட்டு நிக்கறானே, அதை அனுப்பு."

"அந்தக் கோட்டு உன்னுதுடா. தோள் தொங்குது. கழட்டற வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருந்தான்."

இருவரும் ஏர்லினைப் பார்த்தார்கள். அவளும் அன்று மார்லனின் பட்டமளிப்பு அங்கிப் படத்தைத்தான் கொடுத்தாள். பல் இடுக்கு தெரியாமல் வாயை மூடி நிற்பான். யாரும் குறை சொல்ல முடியாத படம். சுட்ட போலீஸ்காரன் என்னவோ வேலைக்குத் திரும்பிவிட்டான். படம் மட்டும் பஸ் நிறுத்தச் சுவரில் ஆளுயரத்துக்கு நிற்கிறது. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்த அங்கிக்காரன்தான் முதலில் வருகிறான். அவள் மகன் அவனுக்குப் பின்னால் காத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது.

"கோட்டுதான் நல்லது," என்றாள், பழக்கத்தில்.

ஷரீஸின் விரல் கோட்டுப் படத்துக்குப் போய் நின்றது. "குடுத்தா எதாவது நடக்குமாக்கா? உங்களுக்கு நடந்துச்சா?"

ஏர்லின் கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து, வெகுநேரம் தேடி, நீட்டினாள். தலையெல்லாம் சோப்பு நுரை, கையில் கார் கழுவும் குழாய், பல் இடுக்கு முழுக்கத் தெரியச் சிரிக்கும் ஒரு பையன்.

தினமும் காலையில் அந்தச் சுவருக்கு அடியில் பஸ்ஸுக்கு நிற்பவள் ஷரீஸ். நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"என்னமா சிரிக்கறான்! யாருக்கா இது?"

டெல்ராய் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசலில் சுடப்பட்டவர்களின் பெயர்களைக் கோஷம் போட்டுப் பழகத் தொடங்கியிருந்தார்கள். முதல் பெயர் மார்லன். ஏர்லின் கையில் திரை மங்கி அணைந்தது. கட்டைவிரலால் தொட்டு அதை மறுபடி எரியவைத்தாள்.