லேப்டாப்புக்குப் பின்னால் நான்கு விரல்

வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பு வந்தாலே அழுகை வந்துவிடும். மனசு கேட்காமல் அம்மா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே ஆன்லைனில் படிக்க வைத்தாள். அம்மா தையல்காரி. மெஷினை ஓரங்கட்டிவிட்டு லேப்டாப்புக்கு இடம் பண்ணினாள். அப்பாவும் சம்மதித்தார், ஆனால் ஒரு கொக்கி போட்டார்: மாதக் கடைசித் தேர்வில் மகள் அடுத்த நிலைக்குப் போகாவிட்டால் மறுபடியும் பள்ளிக்கூடம்தான்.

அந்தத் தேர்வு இன்றைக்கு. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேமராவில் விழாதபடி லேப்டாப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பெற்ற மகளுக்கு விரலால் ஒரு சின்ன ஒத்தாசை செய்தால் குடியா முழுகிவிடும்?

முதல் மூன்று கேள்விகளுக்கு விரல்கள் ஒழுங்காகவே வேலை பார்த்தன. வாலு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு விடைகளை ஒப்பித்தாள். நான்காவதாக, ஒரு கேக்கில் மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கா என்று திரையில் இருந்த டீச்சர் கேட்டார். மூன்றைவிட நான்குதானே பெரிசு? அம்மா யோசிக்காமல் நான்கு விரலை நிமிர்த்தினாள்.

வாலு வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு பொறுக்க முடியவில்லை.

"அம்மா, நாலு பேரு பங்கு போட்டா நமக்குக் கம்மியாத்தானே வரும்? மூணுல ஒண்ணுதான் பெருசு."

அம்மா வசமாக மாட்டிக்கொண்டாள். பின்னால் இருப்பவர் கொஞ்சம் முன்னால் வரலாமே என்றார் டீச்சர். அசடு வழியப் போய் நின்றபோது, எல்லாவற்றையும் தானே கெடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். டீச்சர் திட்டவில்லை. தேர்வை முதலிலிருந்து வைப்பதாகச் சொல்லி, அம்மாவை மட்டும் அறையைவிட்டு வெளியே அனுப்பினார்.

சமையலறையில் அம்மா ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கேள்வி, ஒரு வாக்குவாதம், அப்புறம் வாலுவின் சிரிப்பு. கணக்கு போடும்போது அவள் சிரித்து அம்மா கேட்டதே இல்லை. கடைசியில், அடுத்த நிலைக்குப் போகலாம், இன்றைக்கு இவ்வளவு போதும் என்றார் டீச்சர்.

அம்மா ஈரக்கையோடு அப்பாவுக்குப் போன் போட்டாள். "நீங்களே கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைக் கதவுப் பக்கம் நீட்டினாள்.

உள்ளே வாலு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு குடுங்க டீச்சர். கஷ்டமானதா."