பதினான்காம் பங்கேற்பாளர்

பயிற்சி தொடங்குவதற்கு எட்டு மாதம் முன்பே அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டது. இதில் யாருக்கும் குறையில்லை. முடிவு தெரிந்த பிறகு பயிற்சி நடத்துவது எல்லோருக்கும் வசதி.

கட்டுரையின் தலைப்பு மட்டும் இரண்டு பக்கம். அதைத் தாண்டிவிட்டால் விஷயம் சுருக்கம்தான். கல்லூரிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் முப்பது ஆசிரியர்கள் பன்னிரண்டு நாள் பயிற்சியில் சேர்ந்தார்கள். இருபத்தொன்பது பேர் இருபத்துமூன்று சதவீதம் மேம்பட்டார்கள். பதினான்காம் பங்கேற்பாளர் ஒன்பதாம் நாள் காணாமல் போனார். அது முடிவுகளைப் பாதிக்கவில்லை.

சாத்தூரில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருந்த சந்தனமாரி அந்த இடத்தை மூன்று தடவை படித்தாள். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'பெண். வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருடப் பணி. எளிதில் சந்தேகப்படுபவர்.'

இது நம்மைத்தான் சொல்கிறதோ என்று அவளுக்கு உடனே சந்தேகம் வந்தது.

பயிற்சி முடிந்த மறுநாள் காலை அவளுக்கு இணைப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் அந்த வாசலை மிதிக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு தடவை கை நழுவிப் போன பதவி. மூன்றாவது தடவையும் போய்விடக் கூடாது, அதுவும் காணாமல் போய்.

பயிற்சி மையம் பல்கலைக்கழகத்தின் கடைசிக் கட்டடத்தில் இருந்தது. முதல் நாள் காலை பத்து மணிக்கு இயக்குநர் முனைவர் தாணுமூர்த்தியின் தன்விவரக் குறிப்பை வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாம் நாள் மதியம் வாசித்து முடித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் தொடக்க உரையைத் தொடங்கினார். வகுப்பறையில் ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும் என்பது உரையின் பொருள். எட்டாம் நாளும் பேசிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் மற்ற வகுப்புகள் நடந்தன.

கருத்துப் படிவத்தை முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். முப்பது பேரும் எல்லாக் கேள்விக்கும் 'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். அதில் வேறு கட்டம் இல்லை.

விடுதி அறையில் சந்தனமாரியுடன் தங்கியிருந்தவள் இருதயராணி. வள்ளியூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. சாதுவான முகம். சந்தனமாரி பேச்சுவாக்கில் விசாரித்தாள்.

"மேடம், உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரண்டு. ஏன்?"

"சர்வீஸ்?"

"பதினொண்ணு."

"யாரையாவது சந்தேகப்படுவீங்களா?"

"எதுக்குக் கேக்கிறீங்க?" என்றாள் இருதயராணி, கண்ணை இடுக்கிக்கொண்டு.

மற்ற இருபத்தெட்டுப் பேரையும் சந்தனமாரி விசாரித்து முடித்திருந்தாள். யாருக்கும் பொருந்தவில்லை. ஆக, ஒன்று இவள், இல்லாவிட்டால் அவள். அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். கதவுக்கு முன்னால் நின்று "நீங்க முதல்ல போங்க மேடம்" என்று அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் மதியம் சந்தனமாரி அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தர் கோமதிநாயகம் ஒரு கோப்பைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கோப்பு மெல்ல மூச்சுவிட்டது.

"அண்ணாச்சி, பதினாலாம் நம்பர் யாருன்னு சொல்ல முடியுமா?"

"சொல்லக் கூடாதும்மா. ஆய்வு நெறின்னு ஒண்ணு இருக்குல்லா. பரம ரகசியம்."

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"என் வாயால வராது. வேணும்னா நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு, போய்ப் பாத்துக்கிடுங்க."

நோட்டீஸ் போர்டு வராந்தாவின் கடைசியில் இருந்தது. காலையில் அந்த வராந்தா இருபது அடி. மதியத்துக்கு மேல் அது நீண்டுவிடும். சந்தனமாரி முக்கால் மணி நேரம் நடந்தாள். நடுவில் ஓர் இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ஒலிபெருக்கி அங்கேயும் இருந்தது. "சுருங்கச் சொன்னால்" என்றது இயக்குநரின் குரல்.

பட்டியலில் பதினான்காவதாகச் சந்தனமாரி என்று இருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை.

திரும்பி வந்தபோது இருதயராணி கட்டிலில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிருந்தீங்க மேடம்?"

"சும்மா, காலாற."

"முகம் வாடியிருக்கே."

"வெயில்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இருதயராணி ஜன்னலைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் காலை ரோல் பிளே. மாணவர்களைக் கூச்சமில்லாமல் பேசவைக்க எல்லா ஆங்கில ஆசிரியர்களும் நம்பியிருக்கும் உத்தி அது. இருவர் இருவராக உட்கார வேண்டும், எதிரே இருப்பவராக மாறிப் பேச வேண்டும். இயக்குநர் தம் உரையின் நடுவிலேயே அறிவித்தார்: "மணி அடித்ததும் அவரவர் அவரவராகிக்கொள்ளலாம். மணி அடிக்கிறவரை யாரும் பாத்திரத்தை விட்டு வெளியே வரக் கூடாது. இது உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை."

காணாமல் போகும் நாளில் தன் பெயர் வேறொருத்தியிடம் இருக்கும் என்று சந்தனமாரி கணக்குப் போட்டாள். இதைவிட நல்ல வழி கிடைக்காது. அவளே போய் இருதயராணியின் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

வகுப்புக்குள் ஆங்கிலம் மட்டும்தான். இருதயராணி தொடங்கினாள். "என் பெயர் சந்தனமாரி. பதினோரு வருடமாக முதலாமாண்டு பி.காம். மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். அவர்கள் இன்னும் பேசவில்லை. பதிமூன்றாம் தேதி எனக்கு நேர்காணல். அழைப்புக் கடிதம் பச்சை ஃபைலில் இருக்கிறது. யாரையும் நம்ப மாட்டேன்."

"ஃபைல் விஷயத்த நான் உங்ககிட்ட சொல்லவேயில்லையே?" என்று சந்தனமாரி தமிழில் கிசுகிசுத்தாள்.

"தூக்கத்துல சொல்லுதீங்க மேடம். தேதி, கிழமையோட."

சந்தனமாரி விட்டுக்கொடுக்கவில்லை. "என் பெயர் இருதயராணி," என்றாள் உரக்க. "ஊர் வள்ளியூர். கணவர் பெயர் மரியதாசன். ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்." அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அது போதும் என்று பட்டது. சொல்லச் சொல்ல நாக்கில் அந்தப் பெயர் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

பதினொன்றரைக்கு மணி அடிக்க வேண்டும். அடிக்க இயக்குநரின் அனுமதி வேண்டும். இயக்குநர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அந்த வாக்கியம் முந்தின நாள் தொடங்கியது.

கோமதிநாயகம் வருகைப் பதிவேட்டோடு வந்தார். "சந்தனமாரி யாரும்மா? டைரக்டர் ரூமுக்கு வரச் சொன்னாவ."

சந்தனமாரி தன் விரல் நகத்தைப் பார்த்தாள். 'மணி அடிக்கவில்லை. விதி விதிதான். நாமென்ன பொய்யா சொல்கிறோம்?' என்று நினைத்துக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள் இருதயராணி.

எழுந்தாள். சந்தனமாரியின் கைப்பையையும் பச்சை ஃபைலையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று தொண்டையைச் செருமினாள். சந்தனமாரியும் அப்படித்தான் செருமுவாள். பிறகு வராந்தாவில் நடந்து சிறிதாகிச் சிறிதாகி, ஒரு புள்ளியாகி, இல்லாமல் போனாள்.

நல்ல ஈடுபாடு என்று எல்லோரும் கைதட்டினார்கள். பையை எதற்கு எடுத்துப்போகிறாள் என்று சந்தனமாரிக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. அந்த ஒரு சந்தேகத்தை மட்டும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் இருபத்தொன்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். காணாமல் போனவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கட்டுரையில்தான் இருக்கிறதே.

பன்னிரண்டாம் நாள் எல்லோரும் சரியாக இருபத்துமூன்று சதவீதம் மேம்பட்டார்கள். ஒருவர் இருபத்துநான்கு மேம்பட்டுவிட்டார். அவரைக் கண்டித்துத் திருத்தினார்கள். சான்றிதழ் கொடுத்தார்கள். சந்தனமாரியின் கைக்கு வந்ததில் இருதயராணி என்று இருந்தது.

"அண்ணாச்சி, என் பேரு சந்தனமாரி."

கோமதிநாயகம் பரிதாபமாகப் பார்த்தார். "அவங்க ஒம்பதாம் நாளே காணாமப் போயிட்டாங்களேம்மா. தங்கமான பொம்பள."

"அது ரோல் பிளே அண்ணாச்சி. மணி அடிச்சா நான் திரும்ப நானாயிருவேன். ஒரு தடவை அடிச்சு விடுங்களேன்."

"மணிக்கு இப்பதான் டெண்டர் விட்டிருக்கு," என்றார் அவர். "வந்ததும் லெட்டர் போடுதேன்."

அவள் சாத்தூர் பஸ்ஸில் ஏறினாள். நடத்துநர் சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டு வள்ளியூருக்கு டிக்கெட் கிழித்தார். பஸ் மூன்று நாள் ஓடியது. வழியில் எதுவும் பழுதாகவில்லை.

வள்ளியூரில் இறங்கியதும் முதல் வேலையாகத் தன் வீட்டுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"சந்தனமாரி பேசுறேன். யாரு?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "நேர்காணல் என்னாச்சு?" என்றாள்.

"ராணி மேடமா! நல்லபடியா முடிஞ்சுது. எனக்குக் கிடைச்சிருச்சு."

"சான்றிதழ் இல்லாம எப்படிக் குடுத்தாங்க?"

"கேட்டாங்கதான். கட்டுரைய எடுத்துக் காட்டினேன். அந்தப் பதினாலாம் பங்கேற்பாளர் நான்தான்னு சொன்னேன். பயிற்சிய முடிச்சவங்களுக்கு மூணு மார்க்காம், கட்டுரையில வந்தவங்களுக்குப் பதினஞ்சாம். எழுந்து நின்னு கைகுடுத்தாங்க மேடம்."

"அது என் பதவி."

"உங்க நல்ல மனசுக்கு நீங்க இப்படித்தான் சொல்வீங்க," என்றது குரல். "வகுப்புக்கு நேரமாச்சு. பசங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க, நிறுத்தவே முடியல." போன் வைக்கப்பட்டது.

பஸ் நிலையத்துக்கு வெளியே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. ஹெல்மெட் போட்ட ஒருவர் கையசைத்தார். "ராணி! எவ்வளவு நேரம் நிக்கிறது? ஏறு. வீட்ல அயிலை வாங்கி வச்சிருக்கு."

சந்தனமாரிக்கு மீன் ஆகாது. ஆனாலும் பக்கத்தில் போனாள். இதுவும் ஓர் ஆய்வோ என்ற சந்தேகத்தில், அவர் கையில் பேனாவோ படிவமோ இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கடைத்தெருவைத் தாண்டும்வரை அவருடைய பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"உங்க பேரு என்னங்க?" என்றாள் கடைசியில்.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பயிற்சிச் சான்றிதழை எடுத்து, பிரித்து, படித்து, திரும்ப மடித்து வைத்தார்.

"மரியதாசன்."

"எவ்வளவு நாளா?"

"போன மே மாசத்துலேர்ந்து," என்றவர், கியரைப் போட்டார்.